அவுட்போர்டு மோட்டார் சூடேறினால் எங்கிருந்து தேடுவது?

படகின் பின்புறம் மாட்டியிருக்கும் என் அவுட்போர்டு மோட்டார் சூடேறிக்கொண்டே இருந்தது. குளிர்விக்கும் தண்ணீரை மேலே தள்ளும் இறகுச் சக்கரமான இம்பெல்லரை மாற்றினேன், சூடேறியது. சூட்டுக்கு ஏற்பத் தண்ணீருக்கு வழிதிறக்கும் தெர்மோஸ்டாட்டை மாற்றினேன், அப்போதும் சூடேறியது. புதிதாகப் போட்ட இம்பெல்லரே மட்டமான சரக்கோ என்று சந்தேகப்பட்டு இன்னொன்று வாங்கி அதையும் போட்டேன். கரையோரம் மெதுவாகப் போகும்போது ஒரு தொந்தரவும் இல்லை. திராட்டிலை முழுக்கத் திறந்து ஐந்து நிமிடம் ஆனால் எச்சரிக்கை பஸர் அலறிவிடும். கடைசியில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். மோட்டாரைத் தொடும் முன்பே அவர் ஒன்றைத்தான் கேட்டார்: "முதல்ல கழட்டுன இம்பெல்லர்ல எத்தனை இறகு இருந்துச்சு?"

நான் எண்ணவில்லை. கிழிந்திருக்கிறது என்று பார்த்ததோடு குப்பையில் போட்டுவிட்டேன். ஒடிந்த இறகுத் துண்டுகள் மூன்று, தண்ணீர்க் குழாய் இன்ஜின் பிளாக்கில் சேரும் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தன. மெதுவாக ஓடும்போது தேவைப்படும் கொஞ்சத் தண்ணீர் அவற்றைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. வேகத்துக்கு வேண்டிய தண்ணீருக்கு வழியில்லை. இரண்டு மாதமும் தேவையில்லாத இரண்டு உதிரிபாகங்களும் அந்தத் துண்டுகளுக்காகப் போயின.

படகு ஓட்டத் தொடங்கி, மோட்டாரின் மூடியை இப்போதுதான் முதல்முறை திறக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்கு. நான் செய்ததைப் போலக் கைக்கு வந்த பாகத்தை மாற்றிக்கொண்டிருக்காமல், தண்ணீர் போகும் வழியிலேயே கீழிருந்து மேலாகத் தேடிப் போங்கள். 2 குதிரைத்திறன் அளவிலான சில குட்டி மோட்டார்கள் காற்றால் குளிர்பவை. அவற்றுக்கு இது பொருந்தாது.

முதலில் அந்த வழியை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மோட்டாரின் கீழ்ப்பகுதியில், கியர் இருக்கும் உறையின் பக்கவாட்டில், சல்லடை போன்ற துளைகள் இருக்கும். தண்ணீர் அங்கேதான் நுழைகிறது. அதற்குச் சற்று மேலே, புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்டில் மாட்டப்பட்ட ரப்பர் இம்பெல்லர் அந்தத் தண்ணீரை உறிஞ்சி ஒரு செங்குத்துக் குழாய் வழியாக மேலே தள்ளுகிறது. மேலே அது சிலிண்டர் பிளாக்கையும் அதை மூடியிருக்கும் ஹெட்டையும் சுற்றி, தெர்மோஸ்டாட்டைக் கடந்து, புகையோடு சேர்ந்து கீழே இறங்கி வெளியேறுகிறது. நடுவில் ஒரு சிறு கிளை பிரிந்து மோட்டாரின் பக்கத்திலிருந்து மெல்லிய தாரையாகப் பீச்சும். டெல்டேல் என்பார்கள். இந்தக் கட்டுரையில் தாரை என்றே சொல்கிறேன்.

1. தண்ணீரில் இருக்கும்போதே பஸர் அடித்தால்

திராட்டிலை உடனே குறைத்து நியூட்ரலுக்கு வாருங்கள். திரும்பித் தாரையைப் பாருங்கள். தாரை வரவே இல்லை, அல்லது நீராவி வருகிறது என்றால் மோட்டாரை நிறுத்துங்கள். தாரை நன்றாக வந்தால் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த வேகத்தில், விட்டுப் பாருங்கள். பல மோட்டார்களில் சூடு இறங்கியதும் பஸர் தானாக அடங்கும். அடங்காவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

நிறுத்தும் முன் படகு எங்கே அடித்துக்கொண்டு போகும் என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். பாறை, பாலத்தூண், மற்ற படகுகளின் தடம் பக்கத்தில் இருந்தால் நங்கூரம் முதலில், மோட்டார் பிறகு.

அப்புறம் மோட்டாரைத் தூக்கிப் பாருங்கள். பாதிக்குப் பாதி சமயம் பிளாஸ்டிக் பையோ பாசியோ வலைத்துண்டோ அந்தச் சல்லடையில் ஒட்டியிருக்கும். கை எட்டாவிட்டால், சூடு தணிந்தபின் மோட்டாரைக் கிளப்பி ஐடில் வேகத்தில் ஓரிரு விநாடி ரிவர்ஸ் கொடுத்தால் பை கழன்றுவிடுவதுண்டு. சல்லடையைக் கையால் சுத்தம் செய்வதென்றால் மோட்டார் நின்றிருக்க வேண்டும், அவசர நிறுத்தக் கயிறும் கழற்றப்பட்டிருக்க வேண்டும். அரைநிமிட வேலைதானே என்று ஓடும் புரொப்பல்லர் பக்கத்தில் கையை விடாதீர்கள்.

சூடான பிளாக்கின் மேல் வாளியில் மொண்டு தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். கொதிக்கும் அலுமினியத்தில் ஒரே பக்கம் குளிர்ந்த நீர் பட்டால் ஹெட் வளையலாம், விரிசலும் விடலாம். மூடியைத் திறந்து வைத்து அரை மணி நேரம் சும்மா இருங்கள். பிறகு கிளப்பி, தாரை வந்தால் மட்டும் மெதுவாகக் கரைக்கு வாருங்கள். இரண்டாவது முறையும் பஸர் அடித்தால் கட்டி இழுக்க ஆள் கூப்பிடுங்கள். மூன்றாவது முயற்சியில்தான் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

2. தாள்கள், செலவு, நேரம்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். மோட்டாரைப் படகில் கவ்வும் பிராக்கெட்டில் ஒரு சிறு தகடு அல்லது ஸ்டிக்கர் இருக்கும். மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் அதில் இருக்கும். தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "நாற்பது குதிரைத்திறன், இந்த கம்பெனி" என்று மட்டும் சொல்லி உதிரிபாகம் கேட்டால் நிச்சயம் ஏதாவது ஒன்று மாறி வரும். ஒரே குதிரைத்திறனில் ஆண்டுக்கு ஆண்டு பம்ப் உறை மாறியிருக்கும். இம்பெல்லரின் விட்டம் ஒன்றாக இருந்து உயரம் மட்டும் இரண்டு மில்லிமீட்டர் வேறுபடுவதும் உண்டு. அது உள்ளே உட்காரும், ஆனால் தண்ணீரை ஒழுங்காகத் தள்ளாது.

மோட்டாரோடு வந்த ஓனர் கையேடு போதாது. சர்வீஸ் கையேடு தனி. போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும், கியர் கம்பியை எங்கே கழற்ற வேண்டும், தெர்மோஸ்டாட் எத்தனை டிகிரியில் திறக்க வேண்டும் எல்லாம் அதில்தான் இருக்கும். பாகங்கள் பிரித்துக் காட்டும் வரைபடமும் கையில் இருக்கட்டும். எந்த வாஷர் எங்கே போகும் என்ற சண்டையை அது தீர்த்துவிடும்.

மோட்டார் வாரண்டியில் இருக்கிறதா? அப்படியென்றால் நீங்களாகக் கீழ்ப்பகுதியைக் கழற்றும் முன் வாரண்டித் தாளைப் படியுங்கள். பழைய சர்வீஸ் பில்கள், எத்தனை மணிநேரம் ஓடியது என்ற குறிப்பு, பஸர் அடித்த தேதி எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். சர்வீஸ் தவறாமல் செய்ததற்குச் சான்று கேட்டால் அந்த உறைதான் பேசும்.

செலவைப் பொறுத்தவரை, தாரைத் துளையையும் சல்லடையையும் சுத்தம் செய்ய ஒன்றும் செலவில்லை. தெர்மோஸ்டாட்டும், கசிவு தடுக்கும் அதன் கேஸ்கட்டும் சின்னச் செலவு. இம்பெல்லர் தனியாக மலிவு. உறை, தேய்மானத் தகடு, கேஸ்கட், ஓ-ரிங், கீ எல்லாம் சேர்ந்த முழு பம்ப் கிட் அதைவிடச் சில மடங்கு. அதற்கு மேலே போனால் ஹெட் கேஸ்கட்டும் கூலியும், கடைசியில் பவர்ஹெட், அதாவது மேலே இருக்கும் இன்ஜின் முழுவதும். அது கிட்டத்தட்ட மோட்டாரையே மறுபடி வாங்குவது போல. இந்த வரிசையில் மலிவானதிலிருந்து தொடங்கிச் செலவு செய்துகொண்டு வாருங்கள், நடுவில் தாண்டிக் குதிக்காதீர்கள்.

நேரம்: வெளிப்புறச் சோதனைகளுக்குப் பத்து நிமிடம், தெர்மோஸ்டாட்டுக்கு ஒரு மணி நேரம். இம்பெல்லர் முதல்முறை செய்கிறவருக்கு அரை நாள் பிடிக்கும், போல்ட் உப்பில் பிடித்திருந்தால் முழு நாள். அடுத்த நாள் அதிகாலையில் பயணம் வைத்துக்கொண்டு முந்தின மாலை இதைத் தொடங்காதீர்கள்.

3. எப்போது சூடேறுகிறது என்று எழுதுங்கள்

பாதி நோயை இந்தக் கேள்வியே சொல்லிவிடும்.

ஐடிலில் சூடேறி, வேகம் எடுத்ததும் சரியாகிறது என்றால் இம்பெல்லரின் மேல் சந்தேகப்படுங்கள். குறைந்த வேகத்தில் ஒவ்வோர் இறகும் உறையின் சுவரை உரசிக்கொண்டு தண்ணீரை அள்ளித் தள்ள வேண்டும். இறகு தேய்ந்தோ விறைத்துப்போயோ இருந்தால் அது முடியாது. வேகம் கூடும்போது இறகுகள் மடங்கிக்கொண்டு, பம்ப் சுழற்சியின் விசையாலேயே தண்ணீரை வீசுகிறது. அதனால் தேய்ந்த இம்பெல்லர்கூட ஓரளவு சமாளித்துவிடும்.

ஐடிலில் சரியாக இருந்து, வேகத்தில் மட்டும் சூடேறினால் தண்ணீர் போதுமான அளவு போகவில்லை என்று பொருள். சல்லடை பாதி அடைத்திருக்கலாம். உள்ளே உப்போ இறகுத் துண்டோ இருக்கலாம். சில மோட்டார்களில் தெர்மோஸ்டாட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பிரிங் வால்வு உண்டு. வேகத்தில் தண்ணீரின் அழுத்தத்தால் அது திறந்து கூடுதல் நீரை விடும். அது திறக்காமல் பிடித்திருந்தாலும் இதே அறிகுறிதான்.

படகு மேலெழுந்து ஓடும்போதோ, கூர்மையாகத் திருப்பும்போதோ, அலையில் துள்ளும்போதோ மட்டும் சூடேறினால் மோட்டாரின் உயரத்தைப் பாருங்கள். மிக மேலே பொருத்தப்பட்டிருந்தாலோ டிரிம், அதாவது மோட்டாரை வெளிப்பக்கம் சாய்க்கும் கோணம், அதிகமாக இருந்தாலோ சல்லடை தண்ணீரை விட்டு வெளியே வந்து காற்றை உறிஞ்சும். இதற்கு மருந்து ஸ்பேனர்தான், உதிரிபாகம் இல்லை. புதிதாகப் படகு மாற்றியவர்கள் இதில்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

கிளப்பிய இரண்டு மூன்று நிமிடத்திலேயே, எந்த வேகமாக இருந்தாலும் சூடேறினால் தண்ணீர் சுத்தமாகப் போகவில்லை, அல்லது தெர்மோஸ்டாட் மூடியபடியே பிடித்துக்கொண்டது.

4. உண்மையிலேயே சூடா?

ஒரே பஸர் சூட்டுக்கும் ஆயிலுக்கும் சேர்த்து அடிக்கும் மோட்டார்கள் பல. தொடர்ந்து அடிப்பது ஒன்று, விட்டுவிட்டு அடிப்பது இன்னொன்று. எது எதற்கு என்று கையேட்டில் பாருங்கள். டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் டாங்க் காலியானதற்கு இம்பெல்லரைக் கழற்றியவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். துப்பாக்கி மாதிரி நீட்டி அழுத்தினால் எண் காட்டும். பளபளக்கும் உலோகத்தில் அது பொய் சொல்லும், பெயின்ட் அடித்த இடத்தில் நீட்டுங்கள். மோட்டார் சூடாகி நிதானத்துக்கு வந்தபின் ஹெட்டில் சுமார் 50 முதல் 75 டிகிரி வரை பார்த்தால் பெரும்பாலும் கவலையில்லை. 90ஐ நெருங்கினால் சூடு உண்மை. சிலிண்டர்கள் V வடிவில் இரண்டு வரிசையாக இருக்கும் மோட்டாரில் இரண்டு பக்கத்தையும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகமென்றால் அந்தப் பக்கத்துத் தெர்மோஸ்டாட்டோ அடைப்போதான்.

அளவு சாதாரணமாக இருந்தும் பஸர் அடிக்கிறதா? ஹெட்டில் இருக்கும் சூடு காட்டும் சுவிட்சையோ அதன் வயரையோ சந்தேகப்படுங்கள். வயரின் மேலுறை உரசிக் கிழிந்து உலோகத்தில் பட்டாலே பல மோட்டார்களில் பஸர் அடிக்கும். சரி, வயரைப் பிடுங்கிவிட்டால் சத்தம் போய்விடுமே என்று தோன்றும். சத்தம் போகும். அடுத்த முறை நிஜமாகவே சூடேறும்போதும் சத்தம் வராது.

கையால் இயக்கும் சிறு மோட்டார்கள் பலவற்றில் பஸரே கிடையாது. அங்கே உங்கள் கண்ணும் மூக்கும்தான். பெயின்ட் கருகும் வாசனை, தானாகக் குறையும் வேகம், தாரையில் ஆவி.

5. வெளியே இருக்கும் அடைப்புகள்

தாரைத் துளையில் மெல்லிய நைலான் கம்பியை விட்டு ஆட்டுங்கள். புல்வெட்டும் இயந்திரத்தில் போடும் கம்பி இதற்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். நிறுத்தி வைத்த மோட்டாரில் பூச்சிகள் மண்ணால் கூடு கட்டியிருக்கும். மணலும் உப்பும் கட்டியிருக்கும். இரும்புக் கம்பியை முரட்டுத்தனமாகக் குத்தினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் முனை உடையும். அடைப்பு அசையாவிட்டால் மூடியைத் திறந்து, தாரைக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, வெளியே தள்ளும் திசையில் ஊதுங்கள். உள்ளே ஊதினால் அந்த மண் பிளாக்குக்குள் போகும்.

சல்லடையின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். சிப்பியும் பாசியும் வெளியே மட்டும் இல்லாமல் உள்பக்கத்திலும் பிடிக்கும். அடியில் பெயின்ட் அடிக்கும்போது யாரோ அந்தத் துளைகளின் மேலேயே அடித்து வைத்திருப்பதும் நடக்கிறது.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. தாரை நன்றாக வருவதால் உள்ளே எல்லாம் நலம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பல மோட்டார்களில் அந்தக் கிளை தெர்மோஸ்டாட்டுக்கு முன்பே பிரிந்துவிடுகிறது. பம்ப் ஏதோ தண்ணீர் தள்ளுகிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். தெர்மோஸ்டாட் மூடியே கிடந்தாலும் தாரை அழகாக வரும். என் மோட்டாரில் இறகுத் துண்டுகள் இருந்த நாட்களிலும் தாரை வந்துகொண்டுதான் இருந்தது. நான் அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். மாறாக, தாரை வராவிட்டால் துளை மட்டும் அடைத்திருந்து உள்ளே எல்லாம் சரியாகவும் இருக்கலாம். தாரையின் சூட்டையும் கவனியுங்கள். விரலை நீட்டினால் குளிர்ச்சியாகவோ வெதுவெதுப்பாகவோ இருக்கலாம், சுடக் கூடாது. தாரையில் குமிழி குமிழியாகக் காற்று வந்தால் பம்ப் அடியில் கேஸ்கட் கசிந்து காற்றோ புகையோ உள்ளே போகலாம்.

6. கரையில் ஓட்டிப் பார்ப்பது

தண்ணீர் இல்லாமல் ஒருபோதும் கிளப்பாதீர்கள். ஒரு தடவை சும்மா கிளப்பிப் பார்க்கிறேன் என்று சில விநாடி ஓட்டினாலே ரப்பர் இறகு உராய்ந்து சூடாகிக் கெட ஆரம்பிக்கும்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, சல்லடையின் இருபுறமும் காதுமூடி போல மாட்டும் ரப்பர்க் கிண்ணங்கள். ஹோஸை அதில் இணைத்து, தண்ணீரைத் திறந்தபின் மோட்டாரைக் கிளப்ப வேண்டும். நிறுத்தும்போது மோட்டார் முதலில், தண்ணீர் பிறகு. நியூட்ரலில், ஐடிலில் மட்டும். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டால் இன்னும் நல்லது. சல்லடை வேறு எங்கும் இருந்தால், உதாரணமாக முன்பக்கத்திலோ அடியிலோ, அதையும் டேப்பால் மூட வேண்டியிருக்கும். இரண்டாவது வழி பெரிய டிரம். புரொப்பல்லருக்கு மேலே கிடையாக நிற்கும் தட்டு நன்றாக மூழ்க வேண்டும். எனக்கு டிரம்மே பிடிக்கும். ஹோஸில் வரும் தண்ணீரின் அழுத்தம் பலவீனமான இம்பெல்லருக்கு முட்டுக் கொடுத்து அதன் குறையை மறைத்துவிடும். டிரம்மில் அந்தச் சலுகை கிடையாது.

மோட்டாரின் பக்கத்திலேயே ஹோஸ் மாட்டும் கழுவும் துளை இருக்கிறதே என்று கேட்பீர்கள். பல மோட்டார்களில் அதன் வழியாக விடும் தண்ணீர் கீழே இம்பெல்லருக்குப் போதுமான அளவு போகாது. அதை மாட்டிக்கொண்டு மோட்டாரை ஓட்டினால் இம்பெல்லர் வறண்டு எரியும். கையேடு ஓட்டலாம் என்று சொன்னாலொழிய, அந்தத் துளையில் கழுவும்போது மோட்டார் நின்றிருக்கட்டும்.

எந்த வழியானாலும் திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய கொட்டகைக்குள் மோட்டார் புகை ஆளைக் கொல்லும்.

7. தெர்மோஸ்டாட்

இம்பெல்லருக்கு முன் இதைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், கழற்றுவது எளிது. ஹெட்டின் மேலோ பக்கத்திலோ இரண்டு மூன்று போல்ட்டில் ஒரு சிறு மூடி. அந்த போல்ட்கள் உப்பில் பிடித்திருந்தால் முரண்டு பிடிக்காதீர்கள், தலை முறிந்து மிச்சம் அலுமினியத்துக்குள் மாட்டிக்கொள்ளும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறட்டும். அப்போதும் வராவிட்டால் கொஞ்சம் இறுக்கிப் பிறகு தளர்த்துங்கள், இப்படி முன்னும் பின்னுமாக.

வெளியே எடுத்ததும் அந்தக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையாக உப்புப் படிவம் இருக்கிறதா? கருப்பு ரப்பர்த் துண்டு ஏதாவது தெரிகிறதா?

சோதிப்பதற்கு ஒரு பாத்திரத் தண்ணீரும் வெப்பமானியும் போதும். தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், பாத்திரத்தின் அடியில் படக் கூடாது. மெதுவாகச் சூடாக்குங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் வெப்பநிலையை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். அவுட்போர்டுகளில் அது பெரும்பாலும் 50 முதல் 60 டிகிரிக்குள் இருக்கும். காருக்கு 80க்கு மேல். பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே என்று கார் தெர்மோஸ்டாட்டை மாட்டிவிடாதீர்கள், கடல்நீர் அந்தச் சூட்டில் உப்பை உள்ளே கட்டிக்கொண்டே போகும். ஆறும்போது முழுதாக மூடுகிறதா என்றும் பாருங்கள்.

"அதை எடுத்துப் போட்டுட்டு ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாது" என்று துறையில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். சூடு இறங்கும், உண்மைதான். ஆனால் மோட்டார் எப்போதும் தேவையான சூட்டுக்கு வராமல் ஓடும். கரி படியும், எரிபொருள் அதிகம் குடிக்கும், ஃபோர்-ஸ்ட்ரோக்கில் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். கரை சேர ஒரு நாள் அப்படி வரலாம். அப்படியே குடும்பம் நடத்த வேண்டாம்.

திரும்ப மாட்டும்போது கேஸ்கட் புதியது.

8. இம்பெல்லர்

பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், நிறுத்தக் கயிற்றை எடுத்துவிடுங்கள், ஸ்பார்க் பிளக் வயர்களைப் பிடுங்கி வையுங்கள். ஷாஃப்டைக் கையால் திருப்பும்போது மோட்டார் உதைத்துக் கிளம்பக் கூடாது. கியர் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள். சில மாடல்களில் கியர் கம்பியின் இணைப்பை முதலில் விடுவிக்க வேண்டும்.

கீழ்ப்பகுதியைப் பிடித்திருக்கும் போல்ட்களை எண்ணிக்கொள்ளுங்கள். எல்லாம் கழற்றியும் இறங்க மறுத்தால் ஒன்று மறைந்திருக்கிறது. புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் சிறு துடுப்பு போன்ற டிரிம் டேபுக்குப் பின்னால் அது ஒளிந்திருப்பது வழக்கம். டேபைக் கழற்றும் முன் அதன் கோணத்தை மார்க்கரால் குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிறகு ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். போல்ட்டெல்லாம் வந்தபின் ரப்பர்ச் சுத்தியலால் தட்டி நேராகக் கீழே இறக்குங்கள். எடை எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருக்கும், கூட ஒரு ஆள் இருந்தால் முதுகுக்கு நல்லது.

பம்ப் உறையைத் திறக்கும் முன் ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுங்கள். உறையைத் தூக்கி, இம்பெல்லரை ஷாஃப்டின் வழியே மேலே உருவுங்கள். அதன் உள்ளே, இம்பெல்லரை ஷாஃப்டோடு பூட்டும் ஒரு சிறு உலோகக் கீ இருக்கும். அது தெறித்துப் புல்லில் விழுந்தால் அன்றைய வேலை முடிந்தது. கீழே ஒரு துணி விரித்து வையுங்கள்.

இப்போது இறகுகளை எண்ணுங்கள். பெரும்பாலும் ஆறு இருக்கும், புதியதோடு ஒப்பிடுங்கள். ஓர் இறகோ அதன் நுனியோ குறைந்தால் அந்தத் துண்டு கிடைக்கும்வரை வேலை முடியவில்லை. முதலில் பம்ப் உறைக்குள் தேடுங்கள். பிறகு செங்குத்துக் குழாய்க்குள். குழாயின் கீழ் முனையிலிருந்து தண்ணீர் விட்டால் துண்டு இன்னும் ஆழமாகப் போகும், ஆகவே மேலே தெர்மோஸ்டாட் குழியிலிருந்து ஹோஸ் வைத்துக் கீழ்நோக்கித் தள்ளுங்கள். தெர்மோஸ்டாட் வெளியே இருக்கும்போதே இதைச் செய்வது நல்லது. கிடைத்த துண்டுகளைப் பழைய இம்பெல்லரோடு சேர்த்து வைத்துப் பாருங்கள், உடைந்த பொம்மையை ஒட்டுவது போல. முழுதாகச் சேர்ந்தால்தான் நிம்மதி.

இறகு முழுதாக இருந்தும் ஒரே திசையில் வளைந்தபடி நிமிராமல் இருந்தாலோ, நுனி பளபளவென்று தேய்ந்திருந்தாலோ, விரலால் மடக்கினால் அடியில் வெடிப்பு தெரிந்தாலோ மாற்றவும். உறையின் உள்சுவரையும் அடித் தகட்டையும் நகத்தால் வருடுங்கள். கோடு நகத்தில் தட்டினால் அவையும் புதியது வேண்டும். மணல் நீரில் ஓடிய மோட்டார்களில் இது சாதாரணம். ஒருமுறை கடுமையாகச் சூடேறிய மோட்டாரில் பிளாஸ்டிக் உறை உருகி வளைந்திருக்கும். வெறும் இம்பெல்லரை மட்டும் மாற்றினால் அதே கதை ஒரு மாதத்தில் திரும்பும். சந்தேகம் என்றால் முழு கிட் வாங்குங்கள்.

மாட்டும்போது கீயைச் சிறிது கிரீஸ் வைத்து ஒட்டவையுங்கள், அது நழுவாது. இறகுகளுக்கும் உறைக்கும் சோப்பு நீர் தடவுங்கள். சாதாரண கிரீஸ் சில ரப்பர்களை ஊதவைக்கும். உறையைக் கீழே அழுத்திக்கொண்டே ஷாஃப்டை மேலிருந்து பார்க்க வலச்சுற்றாகத் திருப்புங்கள். அநேகமாக எல்லா அவுட்போர்டிலும் ஓடும் திசை அதுதான், கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். இறகுகள் அந்தத் திசைக்குத் தக்கபடி மடங்கி உட்காரும். மாட்டிய பிறகு எதிர்த்திசையில் திருப்பிப் பார்க்காதீர்கள்.

கீழ்ப்பகுதியை ஏற்றும்போது மூன்று விஷயம் ஒரே நேரத்தில் சேர வேண்டும்: ஷாஃப்டின் பற்கள், கியர் கம்பி, தண்ணீர்க் குழாய். குழாயின் முனை பம்பின் ரப்பர் வளையத்துக்குள் நுழைந்ததா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வளையம் மடங்கினாலோ குழாய் பக்கத்தில் விலகினாலோ புது இம்பெல்லர் போட்டும் தண்ணீர் மேலே போகாது. ஷாஃப்டின் பற்களின் பக்கவாட்டில் மெல்லியதாக கிரீஸ் தடவுங்கள், தலையில் தடவ வேண்டாம். அங்கே கிரீஸ் சிக்கிக்கொண்டால் ஷாஃப்ட் முழுதாக உள்ளே போகாமல் நிற்கும். கொஞ்சம் இடைவெளி இருக்கிறதே, போல்ட்டை முறுக்கினால் சேர்ந்துவிடும் என்று நினைத்தால் உறைதான் உடையும். கையாலேயே முழுதும் உட்கார வேண்டும். பற்கள் சேராவிட்டால் மோட்டாரின் உச்சியில் இருக்கும் ஃப்ளைவீல் சக்கரத்தை வலச்சுற்றாகச் சிறிது அசையுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்றால், உங்கள் கையேடு சொல்வதே சட்டம். பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறையோ 100 மணிநேரத்துக்கு ஒருமுறையோ திறந்து பார்ப்பது வழக்கம். மணலிலும் சேற்றிலும் ஓட்டுகிறவர்கள் இன்னும் சீக்கிரம்.

9. உள்ளே உப்பு கட்டியிருந்தால்

தெர்மோஸ்டாட் குழியில் வெள்ளைப் படிவம் பார்த்தீர்கள், இம்பெல்லரும் நன்றாக இருக்கிறது, வேகத்தில் இன்னும் சூடேறுகிறது. அப்படியென்றால் பிளாக்கின் நீர்வழிகள் சுருங்கியிருக்கின்றன. உப்பைக் கரைப்பதற்கென்று விற்கும் திரவத்தை நல்ல தண்ணீரில் கலந்து, டிரம்மில் மோட்டாரை ஐடிலில் ஓட்டிச் சுழலவிடலாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி மூடியை மட்டும் மாட்டிக்கொண்டு செய்தால் திரவம் எல்லா இடமும் போகும். எவ்வளவு நேரம் என்று புட்டியில் இருப்பதைத் தாண்டாதீர்கள். அந்தத் திரவத்தில் இருக்கும் அமிலம் உப்போடு நிற்காது, அலுமினியத்தையும் தின்னும். முடிந்ததும் நல்ல தண்ணீரில் நன்றாக ஓட்டிக் கழுவுங்கள். கரைந்து உதிரும் செதில்கள் தாரைத் துளையை அடைக்கும், நைலான் கம்பி பக்கத்தில் இருக்கட்டும்.

10. மெக்கானிக்கிடம் விட வேண்டியவை

ஒருமுறையாவது நன்றாகச் சூடேறிய மோட்டாருக்கு கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பார்த்துவிடுங்கள். அதற்கான அழுத்தமானியை வாங்கி நீங்களேகூடப் பார்க்கலாம். சிலிண்டர்களுக்கிடையே 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஹெட் கேஸ்கட்டோ பிஸ்டன் வளையமோ போயிருக்கலாம். பிளக்குகளை வரிசையாகக் கழற்றி வையுங்கள். ஒன்று மட்டும் நீராவியில் கழுவியது போலச் சுத்தமாக இருந்தால் அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் கசிகிறது. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் அதோடு மோட்டாரைக் கிளப்பவே வேண்டாம்.

ஹெட், புகைப்பாதையின் மூடி இவற்றைக் கழற்றுவது முதல்முறைக்காரர் வேலை இல்லை. பழைய மோட்டாரில் பத்துப் பதினைந்து போல்ட்டில் ஒன்றாவது முறியும், முறிந்ததை எடுக்கும் செலவு கூலியைத் தாண்டும். கொண்டுபோகும்போது மூன்றாவது படியில் எழுதிய குறிப்பையும், அளந்த வெப்பநிலைகளையும், பழைய இம்பெல்லரையும் கையோடு எடுத்துப் போங்கள். அவர் தேடும் நேரம் குறைந்தால் உங்கள் பில்லும் குறையும்.

11. சோதனை ஓட்டம்

முதலில் டிரம்மில் பதினைந்து நிமிடம். தாரை வருகிறதா, ஹெட்டின் சூடு ஓரிடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு தண்ணீரில், கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், துடுப்போ இன்னொரு படகோ துணைக்கு இருக்கும்போது. ஐடிலில் பத்து நிமிடம், பாதி வேகத்தில் பத்து நிமிடம், அப்புறம் முழு வேகத்தில் ஐந்து நிமிடம். என் மோட்டார் அந்த ஐந்தாவது நிமிடத்தில்தான் ஒவ்வொரு முறையும் காலை வாரியது. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஹெட்டை அளந்து தேதியோடு எழுதுங்கள். அடுத்த ஆண்டு "இது வழக்கமான சூடா, அதிகமா" என்று குழம்பும்போது ஒப்பிட அந்த எண்கள் வேண்டும்.

திரும்பி வந்ததும் கீழ்ப்பகுதியின் போல்ட்களை ஒருமுறை ஸ்பேனர் வைத்துச் சரிபாருங்கள். கடல்நீரில் ஓட்டியிருந்தால் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு, மோட்டாரை நேராக நிறுத்தி உள்ளிருக்கும் நீர் வடியும்வரை விடுங்கள். கழற்றிய பழைய இம்பெல்லரைத் துண்டுகளோடு ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, அந்த பில் உறைக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.